கரமனைக் குகையில் ஒரு தொட்டில்

மழை பெய்தால் குடை பிடிப்பது மக்கள் வழக்கம். மழை பெய்யாவிட்டால் ஆபீஸ் திறப்பது சர்க்கார் வழக்கம். எண்பத்து மூன்றில் திருவனந்தபுரத்தில் மழை பொய்த்தது. கிணறுகளில் வாளி தரை தட்டியது, கரமனை ஆற்று மணலில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். மேலிடத்தில் கூடிப் பேசினார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே எவ்வளவு மழை பெய்தது என்று உடனடியாகக் கண்டுபிடித்தாக வேண்டும் என்று முடிவாயிற்று. தண்ணீர் கேட்டவனுக்கு அவன் பாட்டனின் பாட்டன் குடித்த தண்ணீருக்குக் கணக்குச் சொல்ல ஓர் ஆபீஸ் பிறந்தது. அதன் பெயர் பழமழை ஆராய்ச்சி நிலையம். கரமனையில் என் பலசரக்குக் கடைக்கு நேர் எதிரே, ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் பலகை மாட்டினார்கள்.

விஞ்ஞானத்தின் மேல் எனக்குப் புகார் கிடையாது. சுண்ணாம்புப் பாறைக் குகைக்குள் மழைத் தண்ணீர் ஊறி இறங்கிச் சொட்டும். ஒவ்வொரு சொட்டும் துளிச் சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போகும். மேலே கொம்பு தொங்கும், கீழே மேடு வளரும். அதை அறுத்துப் பார்த்தால் மரத்துக்குள் இருப்பதுபோல வளையம் வளையமாகத் தெரியும். எந்தக் காலத்தில் மழை கொழித்தது, எப்போது காய்ந்தது என்பதைப் படித்தவர்கள் அதிலிருந்து சொல்லிவிடுவார்கள். கெட்டிக்கார வேலை, நாணயமான வேலை. உலகத்தில் எங்கெங்கோ நல்லவர்கள் பொறுமையாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். இங்கே அதை ஒரு நிலையத்திடம் கொடுத்தார்கள்.

நிலையத்துக்கு டைரக்டர் இருந்தார், நிர்வாக அதிகாரி இருந்தார், ஜீப் இருந்தது, தலையில் விளக்கு வைத்த தொப்பிகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. குகை ஒன்றுதான் இல்லை. அதைத் தேடி மாதந்தோறும் ஜீப் பொன்முடிக்குப் போயிற்று. பொன்முடி முழுக்கக் கருங்கல். அங்கே சுண்ணாம்புக் குகை தேடுவது எருமைத் தொழுவத்தில் முட்டை தேடுகிற மாதிரி. ஆனாலும் போனார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்தார்கள், எஸ்டேட்டில் நல்ல தேயிலையாகப் பார்த்துப் பெட்டியோடு வாங்கினார்கள், இறங்கி வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் பயணம் வெற்றி என்று எழுதிக்கொண்டார்கள். பெட்டி காலியானதும் மறுபடி குகை ஞாபகம் வரும்.

டைரக்டர் டாக்டர் வெங்கடசுப்ரமணியன் கரமனை அக்கிரகாரத்துக்காரர். நெற்றியில் விபூதி, கழுத்தில் டை. பாறை ஆராய்கிறவர்கள் கல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பது உண்டாம். ஈரம் பட்டால் கல்லின் நிறமும் குணமும் துலங்குமாம். வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிற வேலையில் அதிலொன்றும் கேவலமில்லை. இவர் அதைப் பூஜையாக்கிவிட்டார். வேலையில் சேர வருகிறவர் வெள்ளித் தட்டில் வைத்த சுண்ணாம்புக் கல்லை முதலில் நக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நாற்காலி. டைரக்டர் நக்குவார், நிர்வாக அதிகாரி தாணு நக்குவார், புதியவர் நக்குவார், எல்லோரும் கை தட்டுவார்கள். பியூன் தாசையன் தோளில் கிடக்கிற துண்டால் கல்லைத் துடைத்து அடுத்த ஆளுக்காக எடுத்து வைப்பான். அந்தத் துண்டை நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை.

கட்டடத்தின் கீழே, பின்பக்கத்து ஒற்றை அறையில் லிங்கமும் மாடம்மாளும் குடியிருந்தார்கள். அம்பாசமுத்திரம் பக்கத்து ஆட்கள். லிங்கத்துக்குக் கிழக்கேகோட்டை ஓட்டல் ஒன்றில் தோசைக்கல் வேலை. மாடம்மாள் காலையில் இட்லி அவித்து விற்பாள். என் காலை ஆகாரம் அவள் இட்லிதான், நிலையத்தாருக்கும் அதுதான். கல்யாணமாகி ஏழு வருஷம் எந்தக் கோயிலுக்கு நேர்ந்தும் தங்காத பிள்ளை, நிலையம் வந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் அவள் வயிற்றில் தங்கியிருந்தது. மாதம் ஏற ஏற அவள் ஒன்றைத்தான் பேசினாள். அறையின் கூரைத் தளத்தில் ஓர் இரும்புக் கொக்கி இருந்தது. தொட்டில் கட்ட அந்த வீட்டில் இருக்கிற ஒரே இடம் அது. பழைய சுங்கடிச் சேலையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டாள்.

கொக்கிக்கு நேர் மேலே, மாடியில், நிலைய அதிகாரிகளின் கக்கூஸ் இருந்தது.

அது ஒழுகத் தொடங்கி வருஷம் இரண்டாகியிருந்தது. முதலில் தளம் வேர்த்தது, பிறகு கொக்கி வழியாகச் சொட்டிற்று. மாடம்மாள் கீழே வாளி வைத்தாள். அடுப்பை எதிர் மூலைக்கு மாற்றினாள். அதற்கு மேல் தகரம் கட்டினாள். மாவில் ஒரு சொட்டு விழ விட்டவள் அல்ல. விட்டிருந்தால் இந்தக் கதையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். ஆனால் தொட்டிலுக்குத் தகரம் கட்ட முடியுமா? லிங்கம் மேலே போய்த் தாணுவின் மேஜைக்கு முன்னால் நின்றான்.

"சாரே, மேல உள்ள கக்கூஸு எங்க வீட்டுக்குள்ள ஒழுகுது. தொட்டிலு கட்டுத கொக்கி மேலயே சொட்டுது. கொஞ்சம் சிமெண்டு பூசித் தந்தா போதும். நானே பூசிக்கிடுதேன்."

தாணு நாஞ்சில் நாட்டுக்காரர். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"வே லிங்கம், ஒழுகுதுன்னு நீரு எப்படிச் சொல்லலாம்? ஒழுகுதா இல்லியான்னு நாங்கல்லா தீர்மானிக்கணும். சர்க்கார் ஆபீஸு சும்மா ஒழுகாது, பாத்துக்கிடும். ஒழுகணும்னா சாங்ஷன் வேணும்."

"வாளி ரெம்புதே சாரே."

"அது வாளிக்க காரியம்."

லிங்கம் கீழே வந்து மாடம்மாளிடம் சொன்னான். மறுநாள் காலை எனக்கு இட்லி வந்தது, மேலே போகவில்லை. கேட்க வந்த தாசையனிடம், "ஒழுகலு நிக்கட்டும், இட்லி ஏறி வரும்" என்று சொல்லிவிட்டாள். பத்து மணிக்குள் நிலையத்தின் ஆராய்ச்சி அலுவலர் லீலாபாய் கீழே அனுப்பப்பட்டார். இரண்டு வருஷத்தில் அந்த நிலையம் நடத்திய முதல் கள ஆய்வு அது.

லீலாபாய் நிமிர்ந்து பார்த்தார். பார்த்தபடியே நின்றார். கான்கிரீட்டுக்குள் ஊறி வந்த தண்ணீர் அதிலிருந்த சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து, கொக்கியைச் சுற்றி ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைக் கொம்பாகப் படிந்திருந்தது. கொக்கியே வெளியில் தெரியவில்லை. வாளிக்குத் தப்பிய சொட்டு கீழே கடப்பைக் கல்லில் சின்ன மேடாக எழும்பியிருந்தது. லீலாபாய் படித்த பெண். அது என்ன, எதனால் என்று அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். ஆனால் அடுத்த மாதம் டெல்லியிலிருந்து ஒரு நிபுணர் வருவதாக இருந்தது. குகையைக் காட்டாவிட்டால் நிலையத்தை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. அவர் மாடிக்கு ஓடினார்.

டைரக்டர் வந்தார். தாணு வந்தார். தட்டும் துண்டுமாகத் தாசையன் வந்தான். டைரக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னாக்கும் இது லீலாபாய்! நாம பொன்முடியெல்லாம் அலைஞ்சோமே. காலடியிலேன்னா இருந்திருக்கு!"

சொல்லிக்கொண்டே முக்காலியில் ஏறினார். லிங்கத்துக்கு என்ன நடக்கப் போகிறது என்று அப்போதுதான் புரிந்தது. "சாமி, வேண்டாம் சாமி, அது..." என்று கையை நீட்டிக்கொண்டு பாய்ந்தான். அதற்குள் டைரக்டர் கண்ணை மூடி நாக்கை நீட்டிக் கொம்பைத் தொட்டுவிட்டார். நிதானமாகச் சப்புக்கொட்டினார். மாடம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். எட்டு மாத வயிற்றைப் பார்த்தும் மசக்கை என்று நினைத்துக்கொண்டார்கள்.

"கால்ஸைட். நூத்துக்கு நூறு" என்றார் டைரக்டர்.

லீலாபாய் தயங்கினார். "சார், மேலே இருக்கிறது ஆஃபீஸர்ஸ் டாய்லட்..."

டைரக்டர் அவரைப் பரிவோடு பார்த்தார். "கேட்டியாம்மா லீலாபாய், மேலே என்ன இருக்குங்கறது சயன்ஸ் இல்லை. கீழே என்ன விழறதுங்கறதுதான் சயன்ஸ். மேலே பாத்துண்டே இருந்தா உத்யோகம் பாக்க முடியுமோ?"

அன்று மாலை அந்த அறை கரமனைக் குகை எண் ஒன்று ஆயிற்று.

இனி ஒழுகலை அடைப்பது குற்றம், தொல்மழையை அழிப்பதற்குச் சமம் என்று தாணு வந்து படித்துக் காட்டினார். குகைக்குள் அடுப்பு எரியக் கூடாது. இட்லி ஆவி போலி ஈரப்பதம் உண்டாக்கும். மாடம்மாள் அடுப்பைத் தூக்கி வாசலில் வைத்தாள். கொம்பைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருவரும் கால் நீட்டாமல் படுத்துக்கொள்ளலாம். குகைக்குள் நுழைகிற எவரும் விளக்கு வைத்த தொப்பி அணிய வேண்டும் என்பது சர்வதேச விதியாம். லிங்கம் தொப்பி போட்டுக்கொண்டு சாப்பிட்டான். மாடம்மாள் எண்ணெய் தேய்த்த தலையில் தொப்பி வைத்துக்கொண்டு வீடு பெருக்கினாள். ஒருநாள் தொப்பியைக் கழற்றிப் பேன் பார்த்துக்கொண்டிருந்ததைத் தாசையன் கண்டு மேலே சொல்லிவிட்டான். விளக்கம் கேட்டார்கள்.

"எங்க வீட்ல எந் தலையப் பாக்கதுக்கு என்னத்த விளக்கம் சொல்லட்டும்?" என்று என் கடையில் வந்து கேட்டாள். "அண்ணாச்சி, பிள்ள பொறந்தா அதுக்கும் தொப்பி வைக்கச் சொல்லுவானுவளா?"

கேட்டிருந்தால் அதற்கும் அளவெடுத்து ஆர்டர் போட்டிருப்பார்கள்.

குகையின் வயதைக் கணித்தார்கள். கட்டைவிரல் அகலக் கொம்பு வளர ஆயிரம் வருஷம் ஆகும் என்று டைரக்டரிடம் இருந்த புத்தகத்தில் போட்டிருந்தது. இந்தக் கொம்பு ஒரு சாண். பன்னிரண்டாயிரம் வருஷம் என்று தீர்மானம் ஆயிற்று. கட்டடம் கட்டியே ஒன்பது வருஷம்தானே என்று லீலாபாய் கேட்டதற்கு, "வயசு போறலைன்னா அது கட்டடத்தோட குறை. கல்லு என்ன பண்ணும்?" என்றார் டைரக்டர். கொம்பின் ஓரத்தைச் சுரண்டி வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். யூரியா அளவுக்கு மிஞ்சியிருப்பதாகப் பதில் வந்தது. டைரக்டர் துள்ளினார். பண்டைக் காலத்தில் குகையில் வௌவால்கள் மண்டிக் கிடந்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்! சுரண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை தெரிந்தது. மன்னர்களை ஓட ஓட விரட்டிய மகா பஞ்சம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அது நிலையத்தார் பஞ்சப்படி கேட்டு வேலைநிறுத்தம் செய்த மாதம்; மாடிக்கே யாரும் போகவில்லை. இதெல்லாம் தெருவுக்குத் தெரியும். தெருவை யாரும் கேட்கவில்லை.

டெல்லிக்காரர் வருகிற நாள் நெருங்கியபோது வெயில் கொளுத்தியது, குழாயில் தண்ணீர் குறைந்தது, சொட்டு நின்றுவிட்டது. காய்ந்த குகையை எப்படிக் காட்டுவது? ஊழியர் கூட்டம் போட்டார்கள். ஜன்னல்கள் திறந்திருந்ததால் கடையில் இருந்தபடியே கேட்டேன்.

"நண்பர்களே," என்றார் தாணு. "பருவமழை தேசத்துக்கு உள்ளதாக்கும். அது ஆகாசத்தப் பாத்துட்டு சும்ம இருந்தா வராது. நம்மள்ல ஒவ்வொருத்தரும் நம்மளால ஆனதச் செய்யணும். இன்னா, முறை போட்டிருக்கு. காலம்பற டைரக்டர் சாரு, பொறவு நான், பொறவு சீனியாரிட்டிப்படி. போற ஆளு ரெண்டு வாளி தாராளமா ஊத்தணும். வராதவங்களும் போயி இருந்துட்டு வரணும். இது தென்மேற்குப் பருவக் கடமை. லீவுல உள்ளவங்க அந்தந்த நாளுக்குப் பகரம் ஆள வச்சுக்கிடலாம்."

"பெண்களுக்கு?" என்றார் லீலாபாய்.

"வடகிழக்குப் பருவம் உங்களுக்கு" என்றார் தாணு.

கை தட்டினார்கள். அந்த வாரம் முழுக்க நிலையத்தில் மோர் இலவசம். தெருக்குழாயில் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்க, தாசையன் அந்தக் குழாயிலேயே வாளி வாளியாகப் பிடித்து மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். கீழே சொட்டு மறுபடி விழத் தொடங்கியது. முன்பு நிறமில்லாமல் இருந்தது, இப்போது நிறத்தோடு விழுந்தது. எனக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. அடுப்பை வாசலில் வைத்துச் சுத்தமாகத்தான் அவித்தாள். ஆனாலும் மாடம்மாளின் இட்லியைக் கையில் எடுத்தால் தாணுவின் குரல் காதில் கேட்டது.

அதே வாரத்தில் மாடம்மாளுக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு லிங்கமும் அவளும் ஆட்டோவில் வந்து இறங்கியபோது, வாசலில் மாலைகளும் ஒரு வெள்ளைக் காரும் நின்றன. டெல்லிக்காரர் அன்றுதான் வந்திருந்தார்.

லிங்கம் பிள்ளையையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தான். அவன் வீடுதானே. தாசையன் வாசலில் மறித்து ஆளுக்கொரு தொப்பி வைத்த பிறகுதான் விட்டான். நானும் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். உள்ளே டெல்லிக்காரர் முக்காலியில் நின்று, சம்பிரதாயப்படி நக்கி முடித்திருந்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் உப்புக் கரிக்கிறதே என்று இங்கிலீஷில் கேட்டார்.

"அரபிக்கடல்!" என்றார் டைரக்டர். "பன்னிரண்டாயிரம் வருஷமா நம்ம பருவமழை கடல்லேர்ந்துதான் வரதுங்கறதுக்கு இது ப்ரூஃப்!"

டெல்லிக்காரர் மறுபடி நக்கினார். ஆமாம், கடல்தான் என்று ஒப்புக்கொண்டார்.

மாடம்மாளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு சத்தமாகவே சொல்லிவிட்டாள். "ஐயா, அது கக்கூஸுத் தண்ணி. இவுக எல்லாரும் முறை வச்சு மேல போயிட்டு வந்த தண்ணி. நக்காதீக, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

டெல்லிக்காரருக்குத் தமிழ் தெரியாது. டைரக்டர் முகத்தில் ஒரு ரோமம்கூட அசையவில்லை. இந்த வட்டாரத்துப் பழங்குடிப் பெண்களிடையே குகை நீரைப் பற்றி ஒரு வாய்மொழி நம்பிக்கை நிலவுகிறது, அதைத்தான் சொல்கிறாள் என்று மொழிபெயர்த்தார். டெல்லிக்காரர் அவளைக் கும்பிட்டார். தாணு குனிந்து அவள் காதருகில், "எங்களுக்குத் தெரியாதாம்மா? நக்குன எங்களுக்கே தெரியும். ஆனா ஃபைல்ல குகைன்னு ஏறியாச்சு. இனி அத எறக்க முடியாது" என்றார். அவர் குரலில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. அந்த வருத்தத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தெரியாமல் நக்கியிருந்தால் பாவம் என்று விட்டிருப்பேன்.

லிங்கம் சாதுவான ஆள். ஓட்டலில் முதலாளி வைதால் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன். அவன் மூலையில் இருந்த அம்மிக்குழவியை எடுத்தான். கயிற்றைத் தாண்டினான். டெல்லிக்காரர் இறங்கிய முக்காலியில் ஏறி, கொம்பின் மேல் ஒரே போடு போட்டான்.

பன்னிரண்டாயிரம் வருஷத்து மழை நாலு துண்டாக விழுந்தது. மேலே, துருப்பிடித்து, ஈரமாக, முழுசாகக் கொக்கி தொங்கியது.

"இருக்குட்டி மாடம்மா! கொக்கி அப்படியே இருக்கு!" என்று லிங்கம் கத்தினான். தலையில் தொப்பி, கையில் குழவி, வாயெல்லாம் பல்லு. ஏழு வருஷத்தில் அவன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மாடம்மாளும் சிரித்துவிட்டாள். எனக்கும் மனசு குளிர்ந்தது. கடையில் விற்கிற கொக்கி கல்லுக்குள்ளிருந்து வந்துவிட்டது. இனிமேல் என்ன குகை, என்ன நிலையம்? இன்றோடு தொலைந்தது சனியன் என்று நினைத்தேன்.

டைரக்டர் வெளிறிப் போய் நின்றார். லீலாபாய் தரையைப் பார்த்தார். டெல்லிக்காரர்தான் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல முக்காலியில் ஏறினார். நாக்கை நீட்டி அதையும் தொட்டார்.

"இரும்பு" என்றார்.

பன்னிரண்டாயிரம் வருஷத்துக் கல்லுக்குள் மனிதன் செய்த இரும்பு. உலகத்தில் எங்கேயும் எவனும் இரும்பு கண்டிராத காலத்தில் கரமனையில் கொல்லன் இருந்திருக்கிறான்! இங்கே ஆட்கள் குடியிருந்திருக்கிறார்கள்! எதற்கு இந்தக் கொக்கி என்று டெல்லிக்காரர் கேட்டார். தாணு மாடம்மாளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த பிள்ளையைப் பார்த்தார். சட்டென்று அவர் முகம் மலர்ந்தது.

"தொட்டில் கட்டதுக்கு சார்" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். டைரக்டருக்கு உயிர் வந்தது; அதை டெல்லிக்காரருக்கு இங்கிலீஷில் சொன்னார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஒழுகலை அடைக்க முடியாத நிலையத்தால் ஒரு குடித்தனத்தை ஒரு வாரத்தில் காலி பண்ண முடிந்தது. தொல்பொருளைச் சேதப்படுத்தியதற்காக லிங்கத்தைப் போலீஸில் கொடுப்பார்கள் என்று பேச்சு வந்தது. டைரக்டர்தான் பெரிய மனது பண்ணி, அறையைத் தகராறில்லாமல் ஒழித்துக் கொடுத்தால் போதும் என்றார். பம்பாயில் இருக்கிற வீட்டுக்காரரும் சம்மதித்துவிட்டார். சட்டி பானையும் குழவியும் என் கடைக்குப் பின்னால் இருக்கிற ஓலைச் சாய்ப்புக்கு வந்தன. அங்கே கொக்கி கிடையாது. மூங்கில் கழியில் தொட்டில் கட்டினால் சாய்ப்பே கீழே வந்துவிடும். நிலையத்தார் பின்புறம் வீசியிருந்த பொன்முடித் தேயிலைப் பெட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, சுங்கடிச் சேலையை உள்ளே விரித்து, அதில் பிள்ளையைப் போட்டார்கள். பிள்ளைக்குச் சுடலைமாடத்தி என்று பெயர். அது தேயிலை வாசத்தோடு வளர்ந்தது. தொட்டில் ஆடாததால் தூக்கம் பிடிக்காமல் இரவெல்லாம் அழும்.

தென்மேற்குப் பருவமான இடவப்பாதி தொடங்கி மழை வெளுத்து வாங்கிய ஒரு நாளில் குகையைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். உள்ளே சுவருக்குப் பழுப்புச் சாயம் அடித்திருந்தார்கள். உடைந்த கொம்பு கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. கொக்கியில் புதுப் பட்டுத் துணியில் ஒரு தொட்டில். அதற்குள் சாலைக் கடைத்தெருவில் வாங்கிய ஒரு பிளாஸ்டிக் பொம்மை. 'ஆதித் தாய் தன் மகவைத் தாலாட்டிய இடம்' என்று மலையாளத்திலும் இங்கிலீஷிலும் பலகை. பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தொப்பி மாட்டி வரிசையாக அழைத்து வந்தார்கள்.

மாடம்மாளும் போனாள். மழையில் சாய்ப்பு ஒழுகி, தேயிலைப் பெட்டி நனைந்து, பிள்ளை ராத்திரி முழுக்க அழுதிருந்தது. வரிசையில் நின்று, தொப்பி வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். லிங்கமும் நானும் வாசலில் நின்றோம். அவள் தொட்டிலைக் கையால் ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தாள். கொக்கி உறுதியாகத்தான் இருந்தது. பொம்மையை எடுத்துக் கீழே வைத்தாள். பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்தித் தொட்டிலுக்கு மேல் கொண்டுபோனாள்.

"தொடப்பிடாது! தொடப்பிடாது!" என்று தாசையன் ஓடி வந்தான்.

மேலே கக்கூஸில் சங்கிலி இழுக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் தடதடவென்று இறங்கியது. வழிகாட்டியாக நின்ற லீலாபாய் பள்ளிக்கூடப் பிள்ளைகளை நோக்கி விரலை உதட்டில் வைத்தார். "ஸ்ரத்திக்கணும் மக்களே. பழைய மழையோட சத்தம்." பிள்ளைகள் மூச்சை அடக்கிக் கேட்டார்கள். கொக்கி வழியாக ஒரு சொட்டு உருண்டு திரண்டு பட்டுத் துணியில் விழுந்தது.

மாடம்மாள் அந்த ஈரத்தைப் பார்த்தாள். பிள்ளையை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். தொப்பியைக் கழற்றித் தொட்டிலுக்குள் போட்டாள். வெளியே வந்து, எங்களையும் தாண்டி, கொட்டுகிற மழையில் நடுத்தெருவில் போய் நின்றாள்.

"ஏட்டி, பிள்ள நனையுது, முந்தானையப் போடு" என்று லிங்கம் பதறினான்.

பிள்ளை வாயைத் திறந்து மழைத் துளியைச் சப்பிக்கொண்டிருந்தது.

"நனையட்டும்" என்றாள் மாடம்மாள். "இது நல்ல தண்ணி."